வடசென்னை விளிம்பில் விவசாயம்: அரசு உதவிகளைக் கேட்டுப் பெற முழுமையான வழிகாட்டி

செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கு ஆந்திராவிலிருந்து லாரி லாரியாக நெல் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அதே ஜிஎன்டி சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நம் ஆட்களே நெல் போடுகிறார்கள் என்பது சட்டென்று நினைவுக்கு வராது. சோழவரம், காரனோடை, பஞ்செட்டி, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் சம்பா, நவரை, சொர்ணவாரி என்ற மூன்று நெல் போகங்களும் இன்றும் நடக்கின்றன. மாதவரத்திலோ புழலிலோ மணலியிலோ குடியிருந்துகொண்டு அங்கே நிலம் வைத்திருப்பவர்களும், குத்தகைக்கு எடுத்துக் கீரை, கத்தரி, நெல் என்று போடுபவர்களும் நிறையப் பேர். அவர்களுக்காக எழுதுகிறேன்.

மத்திய அரசு, மாநில அரசு என்று திட்டங்களுக்குக் குறைவில்லை. 2021-இலிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட்டே போடுகிறார்கள். ஆனாலும் நம் பக்கத்தில் பலருக்கு ஒன்றும் கைக்கு வருவதில்லை. காரணம் எளிது. அரசு உதவி உழுகிறவரைத் தேடி வருவதில்லை, பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் வருகிறது. அதனால் முதலில் ஆவணம், அப்புறம் திட்டம் என்ற வரிசையிலேயே இதை எழுதியிருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: உங்கள் நிலம் யாருடைய எல்லையில் இருக்கிறது?

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பாதி அலைச்சல் இங்கேதான். 2018-இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது மாதவரம், திருவொற்றியூர் வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்துவிட்டன. பொன்னேரி வட்டம் திருவள்ளூரிலேயே இருக்கிறது. நிலம் பொன்னேரி வட்டத்தில் இருந்தால், நீங்கள் மாதவரத்தில் குடியிருந்தாலும் உங்களுக்குக் கலெக்டர் திருவள்ளூர் கலெக்டர்தான். ஆதாரில் இருக்கும் முகவரியைப் பார்த்து எந்த அலுவலகமும் திட்டம் தராது. நிலத்தின் வருவாய் கிராமம், வட்டம் (தாலுகா), வட்டாரம் (ஊராட்சி ஒன்றியம்) இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்தத் துறை என்பது. நெல், நிலக்கடலை, பயறு என்றால் வேளாண்மைத் துறையின் விரிவாக்க மையம். கீரை, காய்கறி, பூ, பழம் என்றால் தோட்டக்கலைத் துறை. டிராக்டர், பவர் டில்லர், சோலார் பம்ப் என்றால் வேளாண் பொறியியல் துறை. கீரை போடுகிறவர் வேளாண் அலுவலரிடம் போய் நின்றால் அவர் கையை விரிப்பதில் தப்பில்லை.

மாநகராட்சி எல்லைக்குள் நிலம் வந்துவிட்டால் விவசாயி இல்லை என்று ஆகிவிடுமோ என்று மாதவரம், மணலி மண்டலங்களில் பலர் பயந்து விண்ணப்பிப்பதே இல்லை. மத்திய அரசு விவசாயிக்கு நேரடியாகப் பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தின் விதியில் நகரம், கிராமம் என்ற பாகுபாடு கிடையாது. நிலத்தில் உண்மையாகச் சாகுபடி நடந்தால் போதும்.

படி 2: பட்டாவைச் சரி செய்யுங்கள்

இதற்கு எத்தனை வாரம் ஆனாலும் பரவாயில்லை, இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, சிட்டா விவரம் வந்துவிடும். அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். நம் பக்கத்தில் வழக்கமாகக் காண்பது இதுதான்: தாத்தா பெயர், அவருடைய தம்பி பெயர், அடுத்து "மற்றும் பலர்". தாத்தா காலமாகி இருபது வருஷம் ஆகியிருக்கும். நிலத்தை அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்து, வரப்பு போட்டு, ஆளுக்கொரு பக்கம் பயிர் செய்துகொண்டிருப்பார்கள். கணினிக்கு அந்த வரப்பு தெரியாது. அதில் இருப்பது கூட்டுப்பட்டா, இறந்தவரின் பெயர், ஒரே பரப்பு. இந்த நிலையில் எந்த மானியம் கேட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

செய்ய வேண்டியது: இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று இவற்றைச் சேர்த்து, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு போடுங்கள். நிலத்தைப் பிரித்துத் தனிப்பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவு என்று குறிப்பிடுங்கள். சர்வேயர் வந்து அளப்பார். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் பங்காளிகளும் இருந்தால் பின்னால் தகராறு வராது. பாகப்பிரிவினையை வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய யோசிக்கிறார்கள், செலவு என்று. அந்தச் செலவைச் செய்துவிடுங்கள். வடசென்னையைச் சுற்றி நிலத்தின் விலை ஏறுகிற வேகத்தில் பங்காளிகளின் வாய் வார்த்தை எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்பட்ட தவறுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. யுடிஆர் பிழை என்பார்கள். பெயர் மாறியிருக்கும், பரப்பு குறைந்திருக்கும், நஞ்சை புறம்போக்காகி இருக்கும். இதை இ-சேவையில் திருத்த முடியாது. பழைய பட்டா, மூலப்பத்திரம், அந்தக் காலத்து அ-பதிவேட்டு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) நகல் இவற்றோடு வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மாவட்ட வருவாய் அலுவலரிடமோ மேல்முறையீடாகப் போக வேண்டும். வருஷா வருஷம் பசலி (வருவாய்த் துறையின் கணக்காண்டு) முடியும் சமயத்தில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி என்ற கணக்குத் தணிக்கையில் மனு கொடுத்தால் கிராமக் கணக்கும் அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

படி 3: அடங்கல், சான்று, விவசாயி அடையாள எண்

பட்டா நிலம் யாருடையது என்று சொல்கிறது. அந்த நிலத்தில் இந்தப் போகத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்வது அடங்கல். பயிர்க் காப்பீட்டுக்கும் நெல் கொள்முதலுக்கும் இதுதான் உயிர். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) நேரில் வந்து பார்த்துப் பதிய வேண்டும் என்பது முறை. வராமல் போனால் நட்ட உடனேயே தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு நீங்களே போய்க் கேளுங்கள். போன போகத்துப் பயிரே அடங்கலில் நின்றுவிட்டால் இந்தப் போகத்தில் காப்பீடும் கிடையாது, நிவாரணமும் கிடையாது.

5 ஏக்கர் வரை இருந்தால் சிறு விவசாயி, 2.5 ஏக்கர் வரை என்றால் குறு விவசாயி. தாசில்தாரிடமிருந்து இதற்கான சான்று வாங்கி வையுங்கள். மானிய விகிதமே இதனால் மாறும்.

இப்போது எல்லாவற்றுக்கும் தனித்துவ அடையாள எண் கேட்கிறார்கள். ஆதார், ஆதாரோடு இணைந்த செல்போன், பட்டா விவரம் இருந்தால் பொதுச் சேவை மையத்திலோ வேளாண்மைத் துறை முகாமிலோ காசில்லாமல் போடலாம். ஆதாரில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் எழுத்து மாறியிருந்தால் சிக்கல் வரும். ஆதாரில் "முருகேசன்", பட்டாவில் "முருகேச முதலியார்" என்றிருந்தால் எது சட்டப்படி சரியோ அதற்கு மற்றதை மாற்றிவிடுங்கள்.

இந்த எண் விஷயத்தில் கொள்கையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. சொந்தப் பட்டா உள்ளவரை மட்டுமே விவசாயி என்று எண்ணினால், குத்தகைக்காரர் கணக்கிலேயே வரமாட்டார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 4: பிஎம் கிசான்

ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலவரப்படி நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் வாரிசாக வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர் சேர முடியாது. 2020-இல் தகுதியில்லாதவர்கள் பல லட்சம் பேர் நம் மாநிலத்தில் சேர்க்கப்பட்டது வெளியே வந்ததிலிருந்து சரிபார்ப்பு கெடுபிடியாகிவிட்டது. தவணை நின்றுபோனால் முதலில் இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), அடுத்து வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, அதற்கடுத்து நில விவரம் என்ற வரிசையில் பாருங்கள்.

படி 5: கடன்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டை என்றால் 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதத்துக்கு வந்துவிடும். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கிளையில் பத்திரம் கொண்டு வரச் சொன்னால் இதைச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். நகைக்கடனில் பயிர் செய்துவிட்டு, அறுப்புக்கு முன்னால் வட்டிக்கு ஓடுகிற பழக்கம் நம் பக்கத்தில் மிக அதிகம். சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதற்கு ஒரு நாள் ஒதுக்கினால் அந்த ஓட்டம் நிற்கும்.

படி 6: காப்பீடு, வெள்ளம்

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலுக்குப் போகிற பூமி இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்த்தோம், நகரத்துத் தண்ணீர் வடிந்த பிறகும் வயல் தண்ணீர் வடியவில்லை. அப்போது 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 7,000 ரூபாய்க்கும் கீழே. நடவுக் கூலிக்கும் உழவுக்குமே அது போய்விடும். நிவாரணத்தை நம்பி மட்டும் இருக்க முடியாது என்று சொல்வது இதனால்தான்.

பயிர்க் காப்பீட்டில் காரீஃப் (மழைக்காலப்) பயிருக்கு 2 சதவீதம், ராபி (குளிர்காலப்) பயிருக்கு 1.5 சதவீதம், தோட்டப் பயிருக்கு 5 சதவீதம் வரை நீங்கள் கட்டினால் போதும். மீதி பிரீமியத்தை அரசுகள் போடுகின்றன. சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம் அது, இணையம் திணறும், விஏஓ வெள்ளப் பணியில் இருப்பார். அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் இவ்வளவுதான். ரசீதில் சர்வே எண்ணும் பரப்பும் கிராமத்தின் பெயரும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். கிராமம் மாறிப் பதிவானால் இழப்பீடும் அந்தக் கிராமத்துக்கே போய்விடும்.

பலரும் கேட்பது, "என் வயல் மூழ்கிச்சு, ஏன் காசு வரலை?" நெல்லுக்கு இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்துக் கணக்காவதில்லை. உங்கள் வருவாய் கிராமத்தில் அல்லது குறுவட்டத்தில் (பல கிராமங்கள் சேர்ந்த பிர்கா) சில வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரமாக அறுத்து எடை போட்டு, கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். மேட்டுப் பகுதி வயல் நன்றாக விளைந்திருந்தால் பள்ளத்து வயல்காரருக்கும் சேர்த்துக் குறைந்துபோகும். அறுவடைப் பரிசோதனை எப்போது, எந்தச் சர்வே எண்ணில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கூடவே போய் நில்லுங்கள். வயல் மூழ்கியதைத் தனி இழப்பாகக் கணக்கிடும் ஏற்பாடு நெல்லுக்கு 2018-இல் நீக்கப்பட்டது. 2026 காரீஃப் பருவத்திலிருந்து அதைத் திரும்பச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. நம்மைப் போன்ற கடலோரப் பகுதிக்கு இது பெரிய விஷயம். ஆனால் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அழைக்க 14447.

படி 7: தண்ணீரும் உப்பும்

மீஞ்சூர் பக்கம் வரப்போரத்தில் வெயில் நாளில் வெள்ளை பூத்தது போல உப்பு படிந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மண்ணைக் கையில் எடுத்து நசுக்கினால் மாவாக உதிரும். ஈரமானால் பிசின் மாதிரி ஒட்டும். பல பத்தாண்டுகளாகச் சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் இந்த நிலத்தடி நீரை உறிஞ்சியதன் விலை அது. கடல்நீர் உள்ளே பல கிலோமீட்டர் வந்துவிட்டது. நகரம் குடித்த தண்ணீருக்கு இந்தக் கிராமங்கள்தான் இன்றுவரை ஈடு கட்டுகின்றன என்பது என் எண்ணம். இதற்கென்று தனியாக ஒரு நிவாரணத் திட்டம் இருக்க வேண்டியது நியாயம்.

சரி, இப்போதைக்கு முடிந்தது: மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவைப் பார்க்காமல் ஜிப்சம் போடாதீர்கள். உப்புத் தாங்கும் திருச்சி 3 போன்ற நெல் ரகங்களைப் பற்றி விரிவாக்க மையத்திலோ, திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். காய்கறிக்குச் சொட்டுநீர் போட்டால் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். படி 3-இல் சொன்ன சான்று இங்கேதான் பலன் தரும்.

இலவச மின்சாரம் 1990-இலிருந்து எல்லா விவசாயிக்கும் உண்டு. புது இணைப்புக்கு வரிசை நீளம். கிணறு கூட்டுப்பட்டாவில் இருந்தால் மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள்.

படி 8: விற்பனை

2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். இணையத்தில் முன்பதிவு செய்து, அடங்கலும் வங்கிப் புத்தகமும் கொண்டு போக வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நவரை வெயிலில் காயும், சொர்ணவாரி அறுப்பில் திடீர் மழை வந்தால் காயாது. தார்ப்பாயில் குவித்த நெல்லில் மேலாகக் கொஞ்சம் எடுத்து ஈரமானியில் போட்டால் ஓர் எண் வரும், குவியலின் அடியில் எடுத்தால் வேறு எண் வரும். அதனால் முந்தின நாளே நெல்லைப் பரப்பிக் கிளறி விடுங்கள். மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணைப் பாருங்கள். 40 கிலோ மூட்டையை எடைபோடும்போது சாக்கின் எடையைக் கழிக்கிறார்களா என்றும் கவனியுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் புகார் செய்யலாம்.

மழை வருஷத்தில் ஈரப்பதத் தளர்வு கேட்டு மாநிலம் டெல்லிக்கு எழுதும், அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். அதற்குள் நெல் முளைத்துவிடும். அறுப்புக் காலம் எப்போது என்று தெரிந்தே இருக்கும்போது இந்த அதிகாரம் மாநிலத்திடமே இருப்பதுதான் சரி.

குறைந்தபட்ச ஆதரவு விலை காய்கறிக்கும் கீரைக்கும் கிடையாது. அவற்றைப் போடுகிறவர்கள் செங்குன்றத்தை ஒட்டிய நாரவாரிக்குப்பம் உழவர் சந்தைக்கு அடையாள அட்டை வாங்கிக்கொண்டால் தரகு இல்லாமல் விற்கலாம்.

படி 9: குத்தகைக்காரர் என்ன செய்வது?

இதுவரை சொன்னதில் பாதி அவர்களுக்குக் கிடைக்காது. பிஎம் கிசான் கிடையாது. நிலத்துக்காரர் கையெழுத்தில்லாமல் சொட்டுநீர் கிடையாது. தமிழ்நாட்டில் 1955-லேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. ஆனால் நிலத்தை நாளைக்கே மனை போட்டு விற்க நினைப்பவர், குத்தகைக்காரரின் பெயர் அரசு ஏட்டில் ஏற ஒப்புவாரா? அந்தப் பயத்திலேயே எல்லாம் வாய்மொழியாக நடக்கிறது. நிலத்துக்காரருக்கு உரிமை பறிபோகாது என்ற உறுதியோடு, ஒரு போகத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடியாளர் சான்று ஒன்றை அரசு தந்தால் இரண்டு பக்கமும் பயம் தீரும். இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன்.

அதுவரை செய்ய முடிந்தவை உண்டு. அடங்கலில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லி விஏஓவிடம் எழுதிக் கொடுங்கள். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். நாலு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் பட்டா இல்லாமலே வங்கியில் கடன் கேட்கலாம். குத்தகைப் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ போனிலோ அனுப்புங்கள்.

படி 10: மனு

மாதந்தோறும் கலெக்டர் தலைமையில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். சர்வே எண், முன்பு கொடுத்த விண்ணப்ப எண், தேதி மூன்றும் கட்டாயம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால், அந்த மனு இப்போது யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

படி 11: நிலம் எடுப்பு அறிவிக்கை வந்தால்

எண்ணூர் துறைமுகத்திலிருந்து பூஞ்சேரி வரைக்கும் போகும் சென்னை எல்லைச் சாலை, துறைமுக இணைப்புச் சாலை, தொழிற்பேட்டை என்று நம் பக்கம் கோடு போடாத கிராமம் குறைவு. 2023-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்கு நீர்நிலைகளையும் சேர்த்தே நிலம் ஒதுக்க வழி செய்கிறது. ஏரிப்பாசனத்தை நம்பிய நமக்கு அது கவலை தரும் சட்டம்.

அறிவிக்கையில் எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் என்றால் முதல்நிலை அறிவிக்கை வந்த 60 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கத்துக்கான நிலம் எடுப்புச் சட்டம் என்றால் கெடு வேறு, அதை அன்றைக்கே வக்கீலிடம் காட்டுங்கள். கிணறு, ஆழ்துளை, மோட்டார், குழாய்ப் பாதை, மரங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். அளக்க வருகிறவர்கள் எழுதும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

குத்தகைக்காரரும் வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு தந்து) பயிர் செய்பவரும் இங்கே கவனிக்க வேண்டும். 2013 சட்டத்தில், நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தில் உழைத்து அதையே முக்கியப் பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற கணக்கில் வருகிறார்கள். சொந்த நிலம் இல்லாவிட்டாலும் மறுவாழ்வு உதவி கேட்க அது போதும். நிரூபிக்க அடங்கல் நகல், காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையத்துச் சீட்டு, குத்தகைப் பணம் அனுப்பிய கணக்கு, உரம் வாங்கிய பில் இவைதான் கை கொடுக்கும். ஒவ்வொரு போகத்துக்கும் தனித்தனி உறையில் போட்டு, மேலே பசலியும் சர்வே எண்ணும் எழுதி, வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள்.